பக்கவாட்டில் எழுதிய குரல்

முசிறி என்ற பெயரைக் கேட்டதும் சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு யவனர் கலமும் மிளகு மூட்டையும் நினைவுக்கு வரும். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டியிருக்கிறது: அது சேரநாட்டுத் துறைமுகம், நாம் இருப்பது காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரில், கடலுக்கும் நமக்கும் தொடர்பில்லை. இசை கேட்பவர்களிடம் இந்தக் குழப்பமே எழுவதில்லை. அவர்களுக்கு முசிறி என்பது ஊர்கூட அன்று; ஒரு மனிதர்.

முசிறி சுப்பிரமணிய ஐயர் 1899-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பொம்மலபாளையத்தில் பிறந்தவர். 1938-இல் வெளிவந்த ‘துகாராம்’ படத்தில் துகாராமாகவே நடித்தார். 1939-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி ஆனார். 1949-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மத்திய கர்நாடக இசைக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். 1975-இல் மறைந்தார். சவுக்க காலத்தில் அவர் செய்த நிரவலையும், மேல் ஸ்தாயியில் உருகி நிற்கும் அவர் குரலையும் பற்றிக் கேட்டவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவற்றைத் திரும்பச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய குரல் பதிந்த ஒரு தட்டை எந்த முள்ளால் கேட்பது என்ற மிகச் சிறிய கேள்வி எங்கள் வீட்டில் நான்கு மாதம் நடந்தது. அதைத்தான் எழுத முனைகிறோம்.

‘நாங்கள்’ என்பது இருவர். ஒருவர் இங்குள்ள கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இசையில் இருவருக்கும் கேள்வி ஞானம் மட்டுமே. ஆகவே வீட்டு விவாதங்களில் ஒரு பாதி ஏட்டுச்சுவடி, மறு பாதி விசையும் உராய்வும் என்று அமைவது வழக்கம். இந்த விஷயத்தில் இரண்டு பாதிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது எங்களுக்கே வியப்பு.

கேள்வி பெரியத்தையோடு வந்தது. எண்பத்து மூன்று வயதில் அவர் திருச்சி வீட்டைக் காலிசெய்துவிட்டு எங்களிடம் வந்தபோது, துணிப்பெட்டி ஒன்றும் இசைத்தட்டுப் பெட்டி இரண்டும் உடன் வந்தன. மாமா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் வாங்கிய எல்.பி. தட்டுகள் முப்பத்தொன்று. தம் தந்தையார் காலத்திலிருந்து வந்த 78 சுழற்சித் தட்டுகள் நாற்பத்து நான்கு. மாமா போன பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவை பரண்மேல் இருந்தன. ரேடியோகிராம் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

பெரியத்தைக்கு இடக்காது முற்றிலும் கேட்காது. வலக்காதில் கருவி பொருத்தியிருக்கிறார். எஞ்சியிருக்கும் கேள்வித்திறனும் மெல்லக் குறைந்துகொண்டுதான் போகும், எவ்வளவு காலம் என்று சொல்வதற்கில்லை என்று அவரைப் பரிசோதித்தவர் எங்களிடம் தனியே சொன்னார். பெரியத்தைக்கும் அது தெரியும். வந்த மூன்றாம் நாள், “அந்தப் பெட்டியில இருக்கறத ஒரு தடவ முழுசா கேட்டுட்டாப் போதும்ப்பா” என்றார். இரண்டு வகையில் இருப்பு குறைந்துகொண்டு வருகிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கும் காதும் தேய்கிறது. கேட்கப்படும் தட்டும் ஒவ்வொரு முறை முள் ஓடும்போதும் தேய்கிறது. தவறான முள்ளை வைத்து ஓட்டிப் பார்த்துப் பழகுவதற்கு இரண்டிலும் இடமில்லை.

எங்களிடம் ஒரு டர்ன்டேபிள் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொடுத்த ஆடியோ டெக்னிகா எல்.பி.120. அதில் 78 சுழற்சியும் உண்டு. கார்ட்ரிட்ஜ் பொருத்திய தலையைக் கழற்றி வேறு தலை மாட்டவும் முடியும். இந்த இரண்டு வசதியும் பின்னால் பெரிதும் உதவின. கூடவே வந்தது ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ். முதலில் எல்.பி. ஒன்றை அதில் வைத்தோம். எம்.எஸ். அவர்களின் சுப்ரபாதம், 1963-இல் வந்து தமிழ்நாட்டில் பாதி வீடுகளை விடியற்காலையில் எழுப்பிய தட்டு. தூசி துடைத்துத்தான் வைத்தோம். பெரியத்தை இரண்டு நிமிடம் கேட்டார். பிறகு, “அடுப்புல யாராவது தாளிக்கப் போட்டுட்டு மறந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

நம் செவிக்குப் பின்னணியாகப் போய்விடும் படபடப்பும் பொறிப்பும் காதுக்கருவி வழியே கேட்பவருக்கு அப்படிப் போவதில்லை. கருவி மெல்லிய ஒலிகளைத்தான் முதலில் தூக்கிக் கொடுக்கும். குரல் எழும்போது அதுவும் எழும். குரல் அடங்கும் இடைவெளியில் கடுகு மட்டும் வெடித்துக்கொண்டே இருக்கும். கருவியைக் கழற்றிவிட்டால் குரலும் இல்லை.

இங்கே தட்டில் ஒலி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1877-இல் எடிசன் செய்த முதல் கருவியில் ஊசி மேலும் கீழும் குதித்துப் பதிவு செய்தது; வரிப்பள்ளம் ஆழமாவதும் மேடாவதுமே ஒலி. பத்தாண்டு கழித்துப் பெர்லினர் அதை மாற்றினார். அவருடைய தட்டில் ஊசி பக்கவாட்டில் அசைந்தது. பள்ளத்தின் ஆழம் ஒன்றே, பாதைதான் இடமும் வலமுமாக வளையும். 78 சுழற்சித் தட்டுகளும், அவற்றுக்குப் பின் 1948 முதல் வந்த மோனோ எல்.பி.க்களும் பெரும்பாலும் இந்த முறையில் எழுதப்பட்டவையே. 1931-இல் ஆலன் புளூம்லைன் காப்புரிமை கோரி, 1958 வாக்கில் கடைக்கு வந்த ஸ்டீரியோ முறையில் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஆளுக்கொரு பக்கத்து ஒலியைச் சுமந்தன. அதைப் படிக்க வேண்டிய முள் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஒருங்கே அசைந்தாக வேண்டும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இரண்டு அசைவையும் மின்சாரமாக மாற்றும்.

இப்போது மோனோ தட்டின்மேல் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜை வைத்தால் என்ன ஆகும்? பாடகர் எழுதியது முழுவதும் பக்கவாட்டில் இருக்கிறது. மேல்கீழ்த் திசையில் அவர் ஒன்றுமே எழுதவில்லை. அந்தத் திசையில் இருப்பது பள்ளத்தின் அடியில் படிந்த தூசி, பழைய முட்கள் கிளறிய சிராய்ப்பு, தட்டு நெளிந்ததால் வரும் ஏற்ற இறக்கம் ஆகியவையே. இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டை வெட்டிய கருவி உளிபோன்ற முனை கொண்டது. படிக்கும் முள்ளோ உருண்டை. வளைவு கடுமையாகும் இடங்களில் பள்ளம் குறுகி, உருண்டை முள்ளைச் சற்றே மேலே பிதுக்கும். பாடகர் அழுத்திப் பிடிக்கும் இடத்தில்தான் இந்தப் பிதுக்கம் மிகும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இத்தனையையும் இசை என்று நம்பி எடுத்துக் கொடுக்கிறது. மேல்கீழ் அசைவுக்குச் செவிசாய்க்காத மோனோ கார்ட்ரிட்ஜ் இவற்றைக் கடந்து போகிறது.

பெட்டியில் எவை மோனோ என்று பிரிப்பது எளிதாக இருந்தது. 78 எல்லாமே மோனோ. ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் எல்.பி.க்களில் எண்ணுக்கு முன் இ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றிருந்தால் ஸ்டீரியோ. முப்பத்தொன்றில் இருபத்து நான்கு மோனோ. ஒரு காதால் கேட்பவருக்கு இது நல்ல செய்தி. இடப்பக்க ஸ்பீக்கரில் வயலினையும் வலப்பக்கத்தில் மிருதங்கத்தையும் பிரித்துவைத்த தட்டு பெரியத்தைக்கு எப்போதும் பாதிக் கச்சேரிதான். மோனோவில் அவருக்கு எதுவும் விடுபடுவதில்லை. மோனோ என்றால் ஏதோ குறைபட்டது என்ற எண்ணம் இரண்டு காதுள்ளவர்கள் உண்டாக்கியது. 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்த கிட்டப்பாவை நாம் கேட்பதெல்லாம் ஒற்றைத் தடத்தில்தான். அந்தக் குரலுக்கு இன்னொரு தடம் வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

திருவரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கார்ட்ரிட்ஜ் பட்டியலை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் போனோம். ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் செய்வதை நிறுத்தியதைப் பற்றி, நெருங்கிய உறவினர் மறைவைப் போலக் கால்மணி நேரம் பேசினார். 78-க்கென்றே அவர்கள் செய்த எம்.78.எஸ். கார்ட்ரிட்ஜ் ஒன்று அவர் மேசை இழுப்பறையில் பஞ்சில் சுற்றி இருந்தது; விற்பனைக்கு அன்று. பிறகு எங்கள் பட்டியலை மடித்துக் கையில் கொடுத்து, “மொதல்ல இதப் போட்டுக் கேளுங்க சார், அப்புறம் காசக் கொட்டலாம்” என்று ஒரு ஒயரைச் செய்து தந்தார். இடமும் வலமுமாக வரும் இரண்டு வால்களை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி இரண்டாகப் பிரித்து ஆம்ப்ளிஃபயருக்குள் விடும் ஒயர். செலவு எண்பது ரூபாய்.

இயற்பியல் பாதி அன்றிரவு இதைத் தாளில் போட்டுக் காட்டியது. பக்கவாட்டு அசைவு இரண்டு தடத்திலும் ஒரே போக்கில் வருகிறது, கூட்டினால் வலுக்கும். மேல்கீழ் அசைவு இரண்டிலும் எதிரெதிர்ப் போக்கில் வருகிறது. கூட்டினால் ஒன்றையொன்று அழிக்கும். ஆக, இரண்டையும் கூட்டுவது ஒன்றாலேயே பாடகர் எழுதாதது பெருமளவு காணாமல் போகும். போட்டுக் கேட்டோம். கடுகு பாதிக்குமேல் அடங்கியது. மோனோ கேட்க விரும்பும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சில ஆம்ப்ளிஃபயர்களில் மோனோ என்ற பொத்தானே உண்டு. ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு அதைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு.

முழுவதும் அடங்காததற்குக் காரணம், இரண்டு தடங்களின் வலு ஒன்றுக்கொன்று சரியாக ஒத்திருப்பதில்லை என்பது. சமமில்லாத இரண்டு எதிரிகள் மோதினால் மிச்சம் இருக்கத்தானே செய்யும்.

இந்தக் கட்டத்தில் பெங்களூரில் இருக்கும் உறவுப் பையன் ஒருவன் தலையிட்டான். தட்டைக் கணினியில் பதிவுசெய்து அனுப்பினால் ஒரு மென்பொருள் எல்லாப் பொறிப்பையும் துடைத்துவிடும், கார்ட்ரிட்ஜுக்குச் செலவே வேண்டாம் என்றான். ஒரு பக்கத்தை அனுப்பினோம். மறுநாள் திரும்பி வந்தது மிகச் சுத்தமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோதுதான் தனியாவர்த்தனத்தில் ஏதோ குறைவது தெரிந்தது. வலந்தலையில் விழும் சாப்புகளின் முனை மழுங்கியிருந்தது. திடீரென எழுந்து திடீரென அடங்கும் ஒலி எதுவாயினும் அது கீறல் என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. மிருதங்கக்காரர் வாழ்நாளெல்லாம் பயின்று கொண்டுவந்த கூர்மையும் அப்படித்தான் எழுந்து அடங்குகிறது. அளவைக் குறைத்து ஓட்டினால் சாப்பு திரும்பியது, கடுகும் திரும்பியது.

தமிழ்ப் பாதிக்கு இங்கே சுவடிகள் நினைவுக்கு வந்தன. எழுத்தாணியால் ஓலையில் எழுதுபவர் புள்ளி வைப்பதில்லை. குத்தினால் ஏடு பொத்துக்கொள்ளும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றோடு பூச்சி அரித்த துளைகள், ஓரம் முரிந்த இடங்கள். 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் போன்றவர்களின் முதல் வேலை, எழுதியவர் கீறியது எது, பூச்சி கீறியது எது என்று பிரித்தறிவது. அதில் இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. ஒன்று, பொருள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துத் தாமே சொல் வைத்து நிரப்புவது. சிதைந்த செய்யுளைத் தம் கவித்திறத்தால் முடித்துவைத்த பதிப்பாளர்கள் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. மற்றொன்று, எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் படித்து, இல்லாத இடத்தைப் புள்ளிகளிட்டு விட்டுவிடுவது. ஐயரவர்களின் புறநானூற்றுப் பதிப்பில் அந்தப் புள்ளி வரிசைகளைப் பார்க்கும்போது, விடுபட்ட சொற்களைவிட அவர் நிரப்பாமல் விட்ட நேர்மைதான் கண்ணில் நிற்கும்.

மென்பொருள் ஊகிக்கிறது. மோனோ கார்ட்ரிட்ஜ் ஊகிப்பதில்லை. பாடகர் எழுதாத திசையைப் படிக்க மறுக்கிறது, அவ்வளவுதான். எழுதிய திசையிலேயே குறுக்காக ஒரு கீறல் விழுந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் படிக்கும். நல்ல பதிப்பிலும் எழுதினவர் பிழை அப்படியே நிற்கும். எங்களுக்கு எது வேண்டும் என்பது இங்கே தீர்மானமாயிற்று. மென்பொருளை இகழ்வதாக எண்ண வேண்டாம். தட்டே தூளாகிப்போன நிலையில் அதைவிட்டால் வேறு கதியில்லை.

அடுத்தது முள்ளின் பருமன். பலரும் பெயரில் மோனோ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைப் பார்ப்பதில்லை. எங்கள் அனுபவத்தில் இதுவே பெரிது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொடக்கக்கால மோனோ எல்.பி.க்குரிய முள்ளின் முனை ஆரம் 25 மைக்ரான். ஸ்டீரியோ வந்த பிறகு அது 18 மைக்ரானாகச் சிறுத்தது. 78 தட்டின் பள்ளம் இவற்றைவிடப் பன்மடங்கு அகலம். அதற்கு 65 முதல் 75 மைக்ரான் வரை வேண்டும். 78-இன் பள்ளத்தில் எல்.பி. முள்ளை விட்டால் சுவர்களைத் தொடாமல் அடித்தரையில் உருளும்; வாய்க்காலில் விழுந்த கோலிக்குண்டுபோல. அங்கே குரல் இல்லை. நூறாண்டு அழுக்கும், அரக்கோடு கலந்த கல்தூளும்தான் இருக்கின்றன.

ஒரே தட்டுக்கும் ஒரே முள்தான் பொருந்தும் என்பதில்லை. பழைய கிராமபோனில் தலையின் எடை நூறு கிராமுக்கும் மேல். எஃகு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டிய வீடுகளே அதிகம். அந்த முள் சுவரின் ஓர் உயரத்தில் உரசி உரசி அங்கே தேய்ந்திருக்கும். சற்றே சிறிய முள் அதற்குக் கீழே, பழைய முள் தொடாத உயரத்தில் போய் உட்காரும். சுவரின் மேலிருந்து கீழ்வரை ஒரே வளைவுதான் எழுதப்பட்டிருக்கிறது. எங்கே தேயாமல் இருக்கிறதோ அங்கே படித்தால் போதும். ஒரு நூலின் நான்கு சுவடிகளில் ஒன்றில் சிதைந்த அடி இன்னொன்றில் முழுமையாகக் கிடைப்பதைப் போன்றது இது. இங்கே நான்கு சுவடியும் ஒரே பள்ளத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

கடைசியில் வழிகள் மூன்றாகச் சுருங்கின. முதலாவது, டெனான் டி.எல்.102 போன்ற பிறவி மோனோ. பக்கவாட்டு அசைவை மட்டும் எடுக்கும் சுருள், பின்னால் இரண்டே முனைகள். மூன்று கிராம் எடையில் ஓடும். தூய்மைவாதிகள் இதைத்தான் சொல்வார்கள், சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் 78-க்கு வேறொன்று தனியாக வாங்கியாக வேண்டும். இரண்டாவது, எண்பது ரூபாய் ஒயரோடு நிறுத்திக்கொண்டு 78-க்கு மட்டும் முள் தேடுவது. மூன்றாவது, ஆர்ட்டோஃபோன் 2எம் மோனோ. உள்ளே இருப்பது ஸ்டீரியோவுக்குரிய அமைப்புதான். இடத்தையும் வலத்தையும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இணைத்திருக்கிறார்கள். திருவரங்கத்துப் பெரியவரின் ஒயர் வெளியில் செய்ததை இது உள்ளே செய்கிறது. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பது இதனால்தான். அதன் முள் 18 மைக்ரான் உருண்டை, எங்கள் எல்.பி.க்கள் 1960-களுக்குப் பிந்தியவை என்பதால் அதுவே பொருத்தம். அதே உடலில் முள்ளை மட்டும் உருவிவிட்டு 65 மைக்ரான் 78 முள்ளைச் செருகலாம். இரண்டுக்கும் 1.8 கிராம்தான் எடை.

மூன்றாவதையே வாங்கினோம். ஓர் உடல், இரண்டு முட்கள். எங்கள் வீட்டு வாடகையில் ஏறத்தாழ இரண்டு மாதத்தது. மனச்சாட்சியோடு சொல்வதென்றால் எல்.பி.யைப் பொறுத்தவரை ஒயரிலிருந்து இதற்கு வந்த முன்னேற்றம் சிறிது. செலவுக்கு நியாயம் செய்தது 78 முள்தான்.

மாட்டியதும் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் எழுந்தது. இவ்வகைக் கார்ட்ரிட்ஜில் இரண்டு தடங்களின் தரைக்கம்பிகளும் உள்ளே சேர்ந்திருப்பதால், ஒயர்களின் வழியே ஒரு வளையம் உண்டாகி மின்சாரத்தின் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். பின்னால் ஒரு வாலை மட்டும் செருகி மற்றதைத் தொங்கவிட்டதும் நின்றுவிட்டது. வாங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று குறிப்பிடுகிறோம்.

தட்டைச் சுத்தம் செய்வதில் ஓர் எச்சரிக்கை. 78 அரக்கால் ஆனது. மர ஆசாரிகள் பாலிஷ் போட அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான். எல்.பி.க்குப் பயன்படுத்தும் ஸ்பிரிட் கலந்த திரவத்தை 78-இல் தடவினால் துடைக்கும் துணியோடு பாட்டும் வந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டுச் சோப்புத்திரவமும் போதும். நடுவிலுள்ள காகிதம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். 78 என்று பெயரேயொழிய எல்லாத் தட்டும் அதே வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. எல்.பி.120-இல் வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை இருக்கிறது. சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்து, பாடகரின் ஆதார சுருதி ஏதாவதொரு கட்டையில் பொருந்தி நிற்கும்வரை நகர்த்துவோம். இது ஊகம்தான்; இங்கே ஊகிப்பதைத் தவிர வழியில்லை. எல்.பி.க்கென்று வகுத்த சமன்பாடும் 78-க்குச் சரிவராது என்பதால் கனத்த ஒலிக்கும் கூர்ந்த ஒலிக்குமான குமிழ்களைக் காதால் திருத்திக்கொள்கிறோம். பெரியத்தையின் காதால்.

முசிறியின் தட்டை வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான ஒரு பக்கம். மேடையில் ஓர் அடியை அரைமணி நேரம் ஏந்தி நிற்கக்கூடிய ஒருவர் மூன்று நிமிடத்துக்குள் பல்லவியிலிருந்து சரணம்வரை போய்வர வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது இந்தத் தட்டுகள் முழுப்பாட்டு அல்ல, பாட்டின் குறிப்பு என்றே சொல்லத் தோன்றும். ஆனால் குரல் இருந்தது. முன்பு எல்.பி. முள்ளின் இரைச்சலுக்குப் பின்னால் யாரோ தூரத்தில் பாடுவதுபோலக் கேட்டதெல்லாம் இப்போது கூடத்துக்கு வந்திருந்தது. மேல் ஸ்தாயியில் போய்த் தொடும்போது மூச்சு இழுபடுவதுகூடத் தெரிந்தது. நடுவில் ஓரிடத்தில், மாமாவோ அவர் தந்தையாரோ முள்ளைத் திரும்பத் திரும்ப எடுத்துவைத்த இடமாயிருக்க வேண்டும், நாலைந்து சுற்று சாம்பல் பூத்து நரைத்திருந்தது. அங்கே குரல் கரகரத்து மறுபடி தெளிந்தது.

பெரியத்தை ஒன்றும் சொல்லவில்லை. தட்டு நின்ற பிறகு, “அந்தக் கரகரப்பு வர்ற எடத்துல மாமாவும் கூடப் பாடுவாரு. அவருக்கு அந்த எடம் மட்டும்தான் வரும்” என்றார். 1939 முதல் இயங்கும் திருச்சி வானொலியில் தாம் கேட்ட கச்சேரிகளைப் பற்றி அன்று முழுவதும் பேசிக்கொண்டிருந்தார்.

நாற்பத்து நான்கில் நான்கு தட்டுகள் விரிசல் கண்டவை. முள்ளைக் காப்பாற்ற வேண்டி அவற்றை ஓட்டுவதில்லை. மீதி நாற்பதில் எண்பது பக்கங்கள். வாரத்துக்கு நான்கு பக்கம் என்று பெரியத்தையே வகுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவருகிறார். அந்தக் கணக்கில் இருபது வாரம். இப்போது பதினோராவது வாரம் நடக்கிறது. சென்ற மாதம் கருவியின் ஒலியளவை ஒரு படி கூட்ட வேண்டியிருந்தது. முசிறியின் இன்னொரு தட்டு பெட்டியின் அடியில் இருக்கிறது. வரிசைப்படி அது பதினெட்டாவது வாரத்தில்தான் வரும். அதை இப்போதே எடுத்து வைத்துவிடலாமே என்று நாங்கள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தோம்.

“இருக்கட்டும்ப்பா. அது வர்றப்ப வரட்டும்” என்று சொல்லிவிட்டார்.